வீதியில் எமக்கும் பங்குண்டு: செவன் கிங்ஸ் தரும் பாடம்

மாலை வேளையில் செவன் கிங்ஸ் புகையிரத நிலையத்தில் சற்று நேரம் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி கண்ணிற்படும். மின்தூக்கியின் கதவு திறக்கிறது. கைத்தடி ஊன்றிய மூதாட்டி ஒருவர், குழந்தை வண்டியுடன் இளந்தாய் ஒருவர், கடைக்குப் பொருள் வாங்கிவந்த பெரிய பையுடன் ஒருவர் என வெளியே வருகிறார்கள். அதில் எவரும் வியப்படைவதில்லை. மின்தூக்கி என்பது நிலையத்தோடு பிறந்த ஒன்றென்றே பலரும் எண்ணுகிறார்கள்.

உண்மை அதுவல்ல. கிழக்கிலிருந்து மேற்காக இலண்டனை ஊடறுத்துச் செல்லும் குறொஸ்றெயில் திட்டம், இன்று நாம் எலிசபெத் லைன் என்றழைப்பது, வகுக்கப்பட்டபோது அதிலிருந்த 40 நிலையங்களில் 33 நிலையங்களுக்கே படியின்றி மேடைக்குச் செல்லும் வசதி திட்டமிடப்பட்டிருந்தது. ஏழு நிலையங்கள் விடுபட்டன. கிழக்குப் பக்கத்தில் மேரிலண்ட், மனோர் பார்க், செவன் கிங்ஸ் ஆகிய மூன்றும் அந்த ஏழினுள் அடங்கும். கோடிக்கணக்கான பவுண் செலவில் புதிய பாதையும் புதிய வண்டிகளும் வரும். ஆனால் முழங்கால் வலியுள்ளவர் மட்டும் பழைய படிகளில் ஏறியிறங்க வேண்டும். அன்றைய கணக்கு அப்படித்தான் அமைந்திருந்தது.

இதை ஏற்க மறுத்தவர்கள் இருந்தார்கள். மாற்றுத்திறனாளிகளினதும் முதியோரினதும் போக்குவரத்து உரிமைக்காகக் குரல்கொடுக்கும் 'ரான்ஸ்போர்ட் ஃபோர் ஓல்' அமைப்பினர், வட்டாரவாசிகள், உள்ளூர்ப் பிரதிநிதிகள் எனப் பலரும் ஆண்டுக்கணக்கில் விடாது கேட்டார்கள். ஈற்றில் 2014ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், விடுபட்ட ஏழு நிலையங்களுக்கும் சேர்த்து 33 மில்லியன் பவுண் ஒதுக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2022 மே 24ஆம் நாள் எலிசபெத் லைனின் நடுப்பகுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் முதல் செவன் கிங்ஸில் ஏறுபவர் லிவர்பூல் ஸ்ரீற்றில் வண்டி மாறாமலே பாடிங்ரன் வரை செல்லக்கூடியதாயிற்று.

அந்த மின்தூக்கியை வெறும் இயந்திரமாக நாம் பார்க்கவில்லை. ஒரு வட்டாரத்தின் தேவைகளை யார் எடைபோடுகிறார்கள், எந்தத் தராசில் எடைபோடுகிறார்கள், அந்தத் தட்டில் எமது தேவையும் வைக்கப்பட்டுள்ளதா என்ற கேள்விகளுக்கு அது ஒரு விடை. இக்கட்டுரையின் நோக்கமும் அதுவே.

ஊரே கேட்டுப் பெற்ற நிலையம்

செவன் கிங்ஸ் நிலையம் 1899இல் திறக்கப்பட்டது. இன்று எம்மவர் பலர் வாடகைக்கும் சொந்தமாகவும் குடியிருக்கும் வரிசை வீடுகளை அக்காலத்தில் கட்டி விற்றவர் ஆர்ச்சிபோல்ட் கமரன் கோர்பெற் என்பவர். வயல்வெளியின் நடுவே வீடு கட்டினால் எவர் வாங்குவர்? ஆகவே இங்கே நிலையம் அமைக்குமாறு புகையிரதக் கம்பனியை அவர் வற்புறுத்தினார். கம்பனி தயங்கியபோது, பயணக்கட்டண வருமானத்துக்குத் தாமே உத்தரவாதம் அளித்தார். நிலையமும் வந்தது, ஊரும் வளர்ந்தது.

அன்று கேட்டவர் பணபலம் உள்ளவர். ஒரு நூற்றாண்டின் பின் மின்தூக்கி கேட்டவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். முதலாமவர் பணத்தை உத்தரவாதமாக வைத்தார். பின்னவர்கள் தமது எண்ணிக்கையையும் விடாமுயற்சியையும் வைத்தார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று எமது பெரியோர் சொல்வது நகரசபைக்கும் பொருந்தும்.

வீதியின் அருமையை எமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றுபோன பின், கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகேறிக் கடந்தவர்கள் எம்மிடையே இன்னும் வாழ்கிறார்கள். யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சென்றடைய 2014 ஒக்ரோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. பாதை அடைபட்டால் மருந்தும் அடைபடும், படிப்பும் அடைபடும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள். அப்படிப்பட்ட நாம் இங்கே வீதி பற்றிய பேச்சு எழும்போது மட்டும் 'அது வெள்ளைக்காரர் விவகாரம்' என்று ஒதுங்கிவிடுவது ஏன்?

தராசு யார் கையில்?

முதலில் எந்த வீதி எவர் பொறுப்பு என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இல்போர்டிலிருந்து செவன் கிங்ஸ் ஊடாக றொம்போர்ட் நோக்கிச் செல்லும் ஹை றோட்டும், அதிலிருந்து பிரியும் குடியிருப்பு வீதிகளும் ரெட்பிரிட்ஜ் நகரசபையின் பொறுப்பில் உள்ளன. வடக்கே நியூபரி பார்க் பக்கம் செல்லும் ஈஸ்ரேர்ன் அவெனியூ, அதாவது ஏ12 பெருவீதி, இலண்டன் போக்குவரத்துச் சபையின் கையில் உள்ளது. பேருந்துகளும் எலிசபெத் லைனும் அச்சபைக்கே உரியவை. ஈஸ்ரேர்ன் அவெனியூவைக் கடப்பது பற்றி நகரசபைக்கு மனு எழுதிவிட்டுப் பதில் வரவில்லை என்று நொந்துகொள்வதில் பயனில்லை. விலாசம் தவறிய கடிதம் போன்றது அது.

1999ஆம் ஆண்டின் பெரிய இலண்டன் அதிகாரசபைச் சட்டத்தின்படி, மாநகர முதல்வர் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை வகுக்க வேண்டும். ஒவ்வொரு நகரசபையும் அதைத் தன் பகுதியில் எவ்வாறு நிறைவேற்றும் என்ற திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். 2018இல் வெளியான கொள்கை, 2041ஆம் ஆண்டளவில் இலண்டனில் நடைபெறும் பயணங்களில் நூற்றுக்கு 80 வீதமானவை நடந்தோ, சைக்கிளிலோ, பொதுப் போக்குவரத்திலோ அமைய வேண்டும் என்று இலக்கு வைத்தது. வீதி விபத்தில் எவரும் இறக்காத, கடுங்காயம் அடையாத நிலையை அதே ஆண்டளவில் எட்ட வேண்டும் என்பதும் அதன் இலக்கு.

இலக்குகள் பெரியவை, பணம் சிறியது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ரெட்பிரிட்ஜில் வாழ்வோர் தொகை மூன்று இலட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு தெருவும் தன் குறையைச் சொல்லும். ஒன்றைச் செய்தால் மற்றொன்று பின்தள்ளப்படும். எனவே எடைபோடாமல் எந்த நகரசபையாலும் இயங்க முடியாது. எந்தப் படிக்கல்லைக் கொண்டு எடைபோடுகிறார்கள் என்பதே கேள்வி.

எண்ணப்படாதது எடைபோடப்படுவதில்லை

ஒரு சந்தி ஆபத்தானதா என்று பொறியியலாளர் தீர்மானிக்கும்போது முதலில் எடுத்துப் பார்ப்பது, கடந்த சில ஆண்டுகளில் அங்கே நேர்ந்த காயவிபத்துகள் பற்றிய பொலிஸ் பதிவுகளை. இது நியாயமான முறைதான். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதலாவது ஓட்டை: பொலிசாருக்குத் தெரியவராத விபத்து அப்பதிவில் இல்லை. உயிரிழப்பில்லாத விபத்துகளில் கணிசமானவை பொலிசாரை எட்டுவதில்லை என்பதைப் போக்குவரத்து அமைச்சே ஒப்புக்கொண்டுள்ளது. எமது சமூகத்தில் இது மேலும் கூடுதலாக இருக்கும் என்று நாம் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. எமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத நிலையில், இரவு வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது கார் ஒன்று தட்டிவிட்டது. தோள்மூட்டில் அடி. கார்க்காரர் இறங்கி மன்னிப்புக் கேட்டார். இவரோ எழுந்து, 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். ஆறு கிழமை கை தூக்க முடியவில்லை. ஏன் முறையிடவில்லை என்று கேட்டோம். 'பொலிசுக்குப் போனால் என் கேசுக்கு என்ன ஆகுமோ?' என்றார்.

அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. சீருடையைக் கண்டு அஞ்சுவதற்கு எமக்கு வரலாறு உண்டு. ஆயினும், விபத்தில் அடிபட்டவர் அதை முறையிடுவது குற்றமன்று. ஐயமிருப்பின் முதலில் தமது சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளலாம். இப்படிப் பத்துப் பேர் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுச் சென்றால், அந்தச் சந்தி பதிவேட்டில் பாதுகாப்பான சந்தியாகிவிடும். பதினோராவது ஆள் அங்கே விழும்வரை அங்கு எந்த மாற்றமும் வராது.

இரண்டாவது ஓட்டை: மக்கள் கடக்கவே அஞ்சும் வீதியில் விபத்து நேராது. பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பயந்து பெற்றோர் காரில் ஏற்றிச் செல்லும் வீதி, கணக்கின்படி மிக நல்ல வீதி. படியேற முடியாதவர் நிலையத்துக்கே வராவிட்டால், மின்தூக்கி தேவைப்படுவோரின் எண்ணிக்கை பூச்சியம் என்று காட்டும். வராதவர்களை எண்ணுவதற்கு எந்த இயந்திரமும் இல்லை. அவர்களாகவே வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. செவன் கிங்ஸ் மின்தூக்கியின் கதை இங்கேதான் எமக்குப் பாடமாகிறது.

எமக்குள்ளேயே நான்கு தேவைகள்

தமிழர் தேவை என்று ஒற்றைத் தேவை கிடையாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹை றோட்டில் கடை வைத்திருக்கும் எம்மவர், கடை வாசலில் வாகனம் நிறுத்த இடமும், காலையில் பொருள் இறக்க வசதியும் வேண்டும் என்கிறார். இரவு எரிபொருள் நிலையத்தில் வேலைசெய்து விடியற்புறம் திரும்புபவர், பேருந்து ஒழுங்காக வர வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும் என்கிறார். சிறு பிள்ளைகளின் தாய், பாடசாலை வாசலில் கார்கள் மொய்க்கக் கூடாது என்கிறார். கார் வைத்திருக்கும் குடும்பத்தவர், மாநகர முதல்வர் 2023 ஓகஸ்ட் 29ஆம் நாள் முதல் இலண்டன் முழுவதற்கும் விரித்த புகைக் கட்டுப்பாட்டு வலயத்தால் பழைய வாகனத்துக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டும்படியாயிற்றே என்று மனம் வெதும்பியவர். நால்வரும் ஒரே கோவிலுக்கு வருபவர்கள். ஒரே வீதியைப் பற்றி நான்கு விதமாகப் பேசுபவர்கள்.

இந்த நால்வரின் குரலும் ஒரே அளவில் கேட்பதில்லை. கடைக்காரரும் கார்க்காரரும் கூட்டத்துக்கு வருவார்கள். இரவு வேலைக்காரர் அந்நேரம் உறங்குவார். தாய்க்குப் பிள்ளையைவிட்டு வர முடியாது. தஞ்சம் கோரியவர் தமக்கு அங்கே இடமில்லை என்று எண்ணுவார்.

அவருடைய நிலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2024 ஜனவரியில் தஞ்சம் கோருவோருக்கு, சமையல் வசதியுள்ள இருப்பிடத்தில் கிழமைக்கு 49.18 பவுண் என உதவித்தொகை நிர்ணயிக்கப்பட்டது. இலண்டனில் பேருந்துக் கட்டணம் 2022 மார்ச்சில் 1.75 பவுண் ஆனது. இவ்விரு தொகைகளின்படி, நாளொன்றுக்கு ஒருதடவை போய்வர 3.50, ஏழு நாளைக்கு 24.50. உதவித்தொகையில் பாதி. ஆகவே அவர் நடக்கிறார். அவருக்குப் போக்குவரத்து என்பது நடைபாதைதான். உடைந்த நடைபாதையும், கடக்க இடமில்லாத சந்தியும் வேறெவரையும்விட அவரையே கூடுதலாகப் பாதிக்கும்.

கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. 2006இல் பிரிஸ்ரல் நகரின் குளொஸ்ரர் றோட்டில் சஸ்ரான்ஸ் என்ற அமைப்பு ஓர் ஆய்வு நடத்தியது. தமது வாடிக்கையாளரில் நூற்றுக்கு 41 பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் கருதினார்கள். எண்ணிப் பார்த்தபோது காரில் வந்தவர் நூற்றுக்கு 22 பேரே. செவன் கிங்ஸ் பிரிஸ்ரல் அல்ல. அங்குள்ள கணக்கு இங்கும் அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எமது கடை முதலாளிமார் ஒரு சனிக்கிழமை மட்டும் வாடிக்கையாளரிடம் 'எப்படி வந்தீர்கள்?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அந்தத் தாளுடன் நகரசபைக்குப் போனால், பொருள் இறக்கும் இடம் கேட்பதானாலும் சரி, நிறுத்துமிடம் கேட்பதானாலும் சரி, அவர்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும்.

வந்த வேகத்தில் போன திட்டம்

எடைபோடுவது பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கும் ரெட்பிரிட்ஜிலேயே உதாரணம் உண்டு. கொரோனா தொற்றுக்காலத்தில், 2020இல், மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் அரசாங்கம் அவசர நிதி வழங்கியது. அதையொட்டி கிரான்புறூக்கிலும் பார்க்கிங்சைட்டிலும் சில குடியிருப்பு வீதிகளை ஊடறுத்துச் செல்லும் வாகனங்களைத் தடுக்கும் 'அமைதி வீதிகள்' திட்டத்தை நகரசபை அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் நடைமுறைப்படுத்தியது. பலத்த எதிர்ப்பு எழுந்தது. சில கிழமைகளுக்குள்ளேயே தடைகள் அகற்றப்பட்டன.

எதிர்த்தவர்கள் வென்றார்கள் என்று சிலர் மகிழ்ந்தார்கள். எமது பார்வையில் இரு பக்கத்தாரும் தோற்றார்கள். முன்கூட்டியே போதியளவு கேட்கப்படாததால் ஒரு பக்கத்தாருக்குக் கோபம். அளந்து பார்க்கப் போதிய அவகாசமின்றியே திட்டம் அகற்றப்பட்டதால் மறுபக்கத்தாருக்கு ஏமாற்றம். அந்த வீதிகளில் புகை குறைந்ததா, பெருவீதியில் நெரிசல் கூடியதா என்பதை ஆற அமரக் கண்டறிய எவருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

புகையைப் பற்றி இலேசாகப் பேசிவிட முடியாது. தென்னிலண்டனில் பெருவீதி ஒன்றின் அருகே வாழ்ந்த எல்லா அடூ கிஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளது மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். இந்நாட்டில் அவ்வாறு தீர்க்கப்பட்டது அதுவே முதற் தடவை. பெருவீதிகளின் அருகே வாடகை குறைந்த மாடிகளில் குடியிருப்போர் யார் என்று நாமே எண்ணிப் பார்ப்போமாக.

சட்டம் தரும் பிடி

வாக்குரிமை இல்லாதவருக்கு இவற்றில் என்ன பங்கு என்று சிலர் கேட்கலாம். இலங்கை பொதுநலவாய நாடு ஆகையால், இங்கே வதிவதற்கு அனுமதி பெற்ற இலங்கைக் குடிமக்கள் வாக்காளர் இடாப்பில் பதிந்துகொள்ளலாம். இதை அறியாமலே பல ஆண்டுகளைக் கழித்தவர்கள் எம்மிடையே உண்டு. தஞ்சக் கோரிக்கை முடிவுறாதவர்கள் பெரும்பாலும் இவ்வுரிமை அற்றவர்கள். ஆனால் வீதித்திட்டம் பற்றிய கருத்துக்கேட்பு வாக்கெடுப்பு அல்ல. அதில் எழுதுவதற்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. அவ்வீதியில் நடப்பவர் எவரும் எழுதலாம்.

வீதி விதியை நிரந்தரமாக மாற்றும் கட்டளை ஒன்றை நகரசபை பிறப்பிக்க முன் அதை விளம்பரப்படுத்த வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் அவகாசம் உண்டு. பரீட்சார்த்தக் கட்டளையாயின் அது ஆகக்கூடியது 18 மாதங்கள் வரை நீடிக்கலாம். முதல் ஆறு மாதங்களுக்குள் ஆட்சேபம் எழுதலாம். கம்பத்தில் கட்டித் தொங்கவிடப்படும் அந்தச் சிறு அறிவித்தலை நாம் பெரும்பாலும் வாசிப்பதில்லை. அதில் எமது தெருவின் பெயர் இருக்கக்கூடும்.

1985இல் பிரென்ற் நகரசபைக்கு எதிரான வழக்கொன்றில் வகுக்கப்பட்ட நான்கு விதிகள் இன்றும் ஆளுகின்றன. திட்டம் முடிவாகும் முன்னரே மக்களைக் கேட்க வேண்டும். அவர்கள் சிந்தித்துப் பதிலளிக்கப் போதிய காரணங்களைச் சொல்ல வேண்டும். போதிய காலம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியுடன் கருத்திலெடுக்க வேண்டும். 2014இல் ஹரிங்கே நகரசபை பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் இவற்றை உறுதிப்படுத்தியது. இதற்கு மேலாக, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, வயது, இயலாமை, இனம் முதலியவற்றால் பின்தள்ளப்படக்கூடியோர் மீது தம் முடிவுகள் கொள்ளும் பாதிப்பை உரியவாறு கருத்திற்கொள்ளுமாறு அரச அமைப்புகளைக் கட்டுப்படுத்துகிறது. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று இச்சட்டங்கள் சொல்லவில்லை. கேட்டதைக் கேளாதது போல் இருக்க முடியாது என்றே சொல்கின்றன.

எமது தராசு

அப்படியாயின் எதை முதலில் வைப்பது? எமது கருத்தைத் தயங்காது சொல்கிறோம். உயிருக்கும் உடலுக்கும் வரும் ஆபத்து முதலில், வசதி பின்னர். வேறு வழியற்றவரின் தேவை முதலில்; வேறு வழியுள்ளவரின் விருப்பம் பின்னர். காரில் செல்பவர் இரண்டு நிமிடம் தாமதித்துச் செல்லலாம். கைத்தடியுடன் செல்பவருக்கு வீதியைக் கடக்க வேறு கால்கள் இல்லை. கடைக்காரரின் பிழைப்பும் தேவைதான், விருப்பமன்று. ஆகவே அவருக்குப் பொருள் இறக்கும் இடத்தை உறுதிசெய்யாமல் வீதியை மாற்றலாகாது. எதைச் செய்தாலும் முன்னர் அளந்து, பின்னர் அளந்து, அந்த அளவைப் பகிரங்கப்படுத்த வேண்டும்.

இதற்காகப் பெரிய சங்கம் எதுவும் தொடங்க வேண்டியதில்லை. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு மாலை போதும். அம்மம்மா எந்த இடத்தில் வீதியைக் கடக்கத் தயங்குகிறார், எந்த நேரத்தில், ஏன் என்று பேரப்பிள்ளை கேட்டு எழுதட்டும். 'எங்கள் வீதி மோசம்' என்று பொதுப்பட எழுதும் பத்து வரிகளைவிட, இடமும் நேரமும் குறித்த இரண்டு வரி பயன்தரும். அதை வட்டார நகரசபை உறுப்பினருக்கும், எந்த அமைப்பின் பொறுப்பில் அவ்வீதி உள்ளதோ அந்த அமைப்புக்கும் அனுப்பலாம். தமிழ்ப் பாடசாலைகளும் ஆலயங்களும் வாக்காளர் பதிவுக்கும் இத்தகைய கடிதங்களுக்கும் ஒரு மேசை ஒதுக்கினால் அதுவும் தொண்டே.

செவன் கிங்ஸில் மின்தூக்கியின் கதவு இன்றும் திறந்து மூடுகிறது. அதைக் கேட்டுப் பெற்றவர்களின் பெயர்கள் அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை. அவர்களுள் எம்மவர் எத்தனை பேர் என்று கேட்டால், நாம் தலைகுனிய நேரிடலாம். ஆனால் அதில் ஏறியிறங்குவோரில் எம்மவர் பலர். அடுத்த சந்திக்கும், அடுத்த நடைபாதைக்கும், அடுத்த பேருந்துத் தரிப்பிடத்துக்கும் மற்றவர்கள் கேட்டுத் தரட்டும் என்று காத்திராமல், நாமும் தராசின் அருகே சென்று நிற்போம்.